கிழவனை ஷோகேஸில் வைக்காதீர்கள்!

'வடக்கே மலைக்குப் போறோம்' என்று சென்னையில் யாராவது சொன்னால் மணாலி, லே, லடாக் என்று அர்த்தம். கணபதியில் சொன்னால் ஊட்டி. துடியலூர் வழியாக மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடித்து, டிராஃபிக் விட்டால் ஒரு மணி நேரத்தில் கல்லார். அதற்கப்புறம் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள்.

இதே வழியில் பழைய சின்னக் கார்களில் போகிற ஒரு கூட்டம் எங்கள் ஊரில் உண்டு. 1960-களின் ஃபியட் 1100, வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், யாரோ தாத்தா விட்டுப்போன மோரிஸ் மைனர். நாலைந்து வண்டி, பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு பிளாஸ்க் நிறைய காபி. இவர்களைப் பார்த்து, 'வேற வேலை இல்லீங்களா?' என்று கேட்பவர்கள் நிறைய. கேட்கட்டும். எனக்குக் கோபம் அவர்கள் மேல் இல்லை. இந்த வண்டிகளைப் பொம்மையாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டப் பார்க்கிற சட்டத்தின் மேல்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு 'வின்டேஜ்' வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயசுக்கு மேல் ஆன, உருமாற்றம் செய்யாத வண்டிக்குத் தனிப் பதிவு வாங்கலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று தனி எழுத்து. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கௌரவம்தான், இல்லையா? அடுத்த வரியைப் படியுங்கள். அந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம், வின்டேஜ் ராலிக்குப் போகலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம், ரிப்பேருக்கு எடுத்துப் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். போட்ட பெட்ரோலை எரிக்க எங்கே போவது என்பதைத்தான் சொல்லவில்லை! 'ஊட்டியில இருக்குற பங்க்குலதான் எனக்குப் பெட்ரோல் போடணும்னு ஆசைங்க, சொல்லிப் பார்க்கலாமா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். போலீஸ்காரர் சிரிப்பார். விடுவாரா என்று தெரியாது.

சரி, இந்த விஏ கௌரவமே வேண்டாம், சாதாரணப் பதிவிலேயே இருந்துகொள்கிறேன் என்றால்? ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயசு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் உத்தரவில் 10,000. இன்னொரு பக்கம், வண்டியை உடைக்கக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால், புது வண்டிக்கு வரியில் 25 சதவீதம் வரை தள்ளுபடி. பேணிக் காப்பாற்றுகிறவனுக்கு அபராதம், உடைக்கிறவனுக்குப் பரிசு. நம் வீட்டுப் பாட்டிகள் காதில் விழுந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே மேட்டுப்பாளையத்தில் இருந்து இன்னொரு கிழவன் தினமும் மலை ஏறுகிறான். குன்னூர் வரை 1899-ல், ஊட்டி வரை 1908-ல் ஓடத் தொடங்கிய மலை ரயில். மேலே போய்ச் சேர ஐந்து மணி நேரம் போல ஆகும். மொத்தம் 46 கிலோமீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! குன்னூர் வரை நீராவி இன்ஜின்தான். கரும்புகை, வழியில் நின்று நின்று தண்ணீர் குடிக்கிற வழக்கம் எல்லாம் உண்டு. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாமும் அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கிப் போய், ஜன்னல் வழியே கையாட்டுகிறோம். 'வயசாச்சு, கண்காட்சிக்கு மட்டும் ஓடு' என்று அவனிடம் யாராவது சொன்னால் ஊரே கொதிக்கும். பக்கத்து ரோட்டில் அதே மாதிரி திணறித் திணறி ஏறும் ஃபியட் என்ன பாவம் செய்தது? ரயில் அரசாங்கத்து வண்டி, ஃபியட் உங்கள் வீட்டு வண்டி. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

'புகை சார், புகை!' என்று ஒருவர் கை தூக்குவது தெரிகிறது. நியாயமான கேள்வி. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பார்த்தால் பழைய கார்புரேட்டர் வண்டி இன்றைய வண்டியைவிடக் கூடுதலாகத்தான் நஞ்சு கக்கும். மறுக்கவில்லை. ஆனால், எத்தனை கிலோமீட்டர்? மாசத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே வருகிற வண்டி அது. தினமும் அலுவலகத்துக்கு ஒற்றை ஆளாகப் போய் வரும் இரண்டு டன் வண்டியோடு அதை எப்படி ஒரே தராசில் வைப்பது? சுற்றுச்சூழல் விஷயத்தில் ஜெர்மனிக்காரர்களை யாரும் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். அங்கே 30 வயசு ஆன, நல்லபடியாகப் பராமரித்த காருக்குப் பாரம்பரிய நம்பர் பிளேட் தருகிறார்கள், 1997-லிருந்து. அதை மாட்டிக்கொண்டு காய்கறி வாங்கவும் போகலாம், ஆல்ப்ஸ் மலைக்கும் போகலாம். லண்டனில் இருந்து பிரைட்டன் கடற்கரை வரை, 1905-க்கு முன் செய்த வண்டிகளாக வருஷா வருஷம் நவம்பரில் நடுரோட்டில் போகின்றன. நமக்கு மட்டும் 50 வயசும் ஆகணும், ஓடவும் கூடாது.

நீலகிரியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததும் நல்லதே. 2025 கோடையில் வார நாளில் 6,000, சனி ஞாயிறு 8,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் அளவு வைத்ததும் சரியே. ஆனால், அந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை பாருங்கள். 900 கிலோகூட இல்லாத, நாலு பேர் நெருக்கி உட்கார்ந்த ஃபியட்டும் ஒன்று. இரண்டரை டன் எடையில், ரோட்டில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு, உள்ளே இரண்டே பேர் இருக்கிற வண்டியும் ஒன்று. மலைக்கு எது பாரம்? எடைக்கும் அகலத்துக்கும் தகுந்த மாதிரி கட்டணம் வையுங்களேன். யார் முதலில் கத்துவார்கள் என்று பார்ப்போம்.

பர்லியாறு பக்கம் ஞாயிறு மதியம் நின்று பார்த்தால் இன்னொன்றும் புரியும். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். இது மரியாதை மட்டும் இல்லை, சாலை விதி. எத்தனை பேர் விடுகிறார்கள்? ஆட்டோமேடிக் கியரை 'டி'யில் போட்டுவிட்டு, பிரேக் மேல் ஏறி உட்கார்ந்தபடியே இறங்குகிறார்கள். பிரேக் சூடேறிக் கருகும் வாசனை குன்னூரில் இருந்து கல்லார் வரை வரும். பழைய வண்டிக்காரனால் அப்படி இறங்க முடியாது. அவனிடம் இருப்பது டிரம் பிரேக். ஏறின கியரிலேயே இறங்கியாக வேண்டும். எந்த வளைவில் இன்ஜின் மூச்சு வாங்கும், எங்கே ஓரங்கட்டி பானட்டைத் திறந்துவைக்க வேண்டும், பெட்ரோல் பம்ப் சூடாகி அடைத்தால் ஈரத்துணி எங்கே சுற்ற வேண்டும், எல்லாம் அத்துப்படி. மெதுவாகப் போவான், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். மலை ரோடு மெதுவாகப் போவதற்குத்தான் போட்டது.

இதில் கணபதிக்கு என்ன பங்கு என்று கேட்டால், எல்லாப் பங்கும்தான். இது லேத்தும் ஃபவுண்டரியும் வளர்த்த ஊர். டெக்ஸ்டூல் பெயரில் பாலமே இருக்கிறது. இந்தியாவில் 1971-லேயே நின்றுபோன ஹெரால்டுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? பழசைக் கொண்டுபோய்க் காட்டினால், அளவெடுத்து, கடைந்து, சாயங்காலத்துக்குள் கையில் தருகிற ஆட்கள் இங்கே உண்டு. பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். வண்டி ரோட்டில் ஓடினால்தான் தேயும், தேய்ந்தால்தான் அவர்களுக்கு வேலை, வேலை இருந்தால்தான் ஒரு பையன் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வான். அவினாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜிடி கார் மியூசியம் அருமையான இடம், குழந்தைகளோடு கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால், மியூசியத்தில் நிற்கிற காருக்கு யாரும் கிங்பின் மாற்றப் போவதில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. 50-ஐ 30 ஆக்குங்கள். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அளவு வையுங்கள், மீட்டரைப் பார்த்துச் சரிபாருங்கள். பிரேக்கையும் புகையையும் கறாராகச் சோதியுங்கள், தேறாத வண்டியைத் தயங்காமல் நிறுத்துங்கள். தேறின வண்டி சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு குன்னூருக்கு டீ குடிக்கப் போனால், 'கண்காட்சி எங்கே நடக்குது?' என்று கேட்காதீர்கள்.