நைஜீரியாவின் வரி வசூல் 6 சதவீதமா, 10 சதவீதமா? ஒரே நாட்டுக்கு இரண்டு கணக்கு வந்தது எப்படி?

ஆப்பிரிக்காவிலேயே அதிக மக்கள்தொகை கொண்ட நாடு நைஜீரியா. அந்நாட்டுப் பொருளாதாரத்தில் வரியாக அரசுக்கு வருவது 5 முதல் 6 சதவீதம்தான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்தது. 2023-ல் அந்நாட்டு மத்திய வருவாய்த்துறை பழைய கணக்கைத் திருத்தியது. 2021-ம் ஆண்டுக்கான விகிதம் 10.86 சதவீதம் என அறிவித்தது.

முடிந்துபோன ஆண்டுக்கு யாரும் புதிதாக வரி கட்டவில்லை. மாறியது கணக்கு மட்டும்தான். கணக்குதானே, அதனால் என்ன என்று விட்டுவிட முடியாது. ஏழை, வளரும் நாடுகளுக்கு எவ்வளவு கடன், எவ்வளவு உதவி, மக்கள் மீது எவ்வளவு வரி என்பதையெல்லாம் முடிவு செய்வதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

வரி - ஜிடிபி விகிதம்னா என்ன?

ஒரு நாட்டில் ஒரு வருஷத்துல 100 ரூபாய் மதிப்புக்குப் பொருளும் சேவையும் உற்பத்தியாகுதுன்னு வைத்துக்கொள்ளலாம். அதில் 12 ரூபாய் அரசுக்கு வரியாகப் போனால், விகிதம் 12 சதவீதம்.

வரி வருவாய் 15 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக வங்கி. 12.75 சதவீதத்தைத் தாண்டும் நாடுகளில் வளர்ச்சி வேகமெடுக்கிறது என்று ஐஎம்எஃப் ஆய்வாளர்கள் 2016-ல் கணக்கிட்டார்கள். எல்லைக்கோடு இவ்வளவு நுணுக்கமாக இருக்கும்போது, அளக்கும் கோல் எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். சிக்கலே அங்கேதான்.

நைஜீரியாவில் விட்டுப்போனது என்ன?

அங்கே எல்லா வரியையும் ஒரே துறை வாங்குவதில்லை. சுங்கத்துறை தனி. 36 மாநிலங்களுக்கும் தனித்தனி வருவாய் அமைப்புகள். மற்ற அரசு அமைப்புகள் வசூலித்த பல இனங்கள் பழைய கணக்கில் சேரவில்லை என்பதுதான் வருவாய்த்துறை சொன்ன விளக்கம்.

திருத்தத்துக்குப் பிறகும் நைஜீரியாவின் வசூல் குறைவுதான். ஆனால் 3 ஆண்டுகளில் 18 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது அந்நாட்டு அரசு 2023-ல் வைத்த இலக்கு. 6-ல் இருந்து கிளம்பினால் மூன்று மடங்காக்க வேண்டும். 10.86-ல் இருந்து கிளம்பினால் இரண்டு மடங்குகூட வேண்டாம். இந்த இடைவெளியை நிரப்பப் போவது யார்? கடைசியில் அங்கே கடை வைத்திருப்பவரும் சம்பளம் வாங்குபவரும்தான்.

ஒரே ராத்திரியில் விகிதம் விழுமா?

விழும். வரி என்பது மேலே இருக்கும் எண். கீழே வகுக்கும் எண் ஜிடிபி. அது மாறினாலும் விகிதம் மாறும்.

2010-ல் கானா தன் ஜிடிபியைப் புது முறையில் கணக்கிட்டபோது, பொருளாதாரம் முன்பு நினைத்ததைவிட சுமார் 60 சதவீதம் பெரிதாக இருந்தது. 2014-ல் நைஜீரியா இதையே செய்தபோது 89 சதவீதம் பெரிதானது. வசூலில் ஒரு பைசாகூட குறையவில்லை. ஆனால் வரி விகிதம் மட்டும் சடாரென இறங்கியது.

இன்னும் என்னென்ன குழப்பம்?

எண்ணெய், கனிம வளத்தில் வரும் பணத்தை ஒரு நாடு வரி என்று எழுதும். இன்னொரு நாடு வரியல்லாத வருவாய் என்று எழுதும். ஊழியர்களும் நிறுவனங்களும் கட்டும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவை ஓஇசிடி வரியாகவே எண்ணும். ஐஎம்எஃப் அதை வரிக்கு வெளியே தனியாக வைக்கும்.

இந்தியாவுக்கும் இது பொருந்தும். மத்திய அரசின் மொத்த வரி வசூல் ஜிடிபியில் சுமார் 11 முதல் 12 சதவீதம். மாநில ஜிஎஸ்டி, பெட்ரோல் மீதான வாட், பத்திரப்பதிவுக்கான முத்திரைத்தீர்வை, வாகன வரி என மாநிலங்கள் வசூலிப்பதையும் சேர்த்தால் 17 சதவீதத்தை ஒட்டி வரும். உலக வங்கியின் பிரபலமான பட்டியலோ மத்திய அரசின் வரியை மட்டுமே எடுக்கும். அதை மட்டும் பார்ப்பவருக்கு இந்தியா உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக வசூலிக்கும் நாடாகத்தான் தெரியும்.

இதை யாருமே சரி செய்யலையா?

2014-ல் ஒரு முக்கிய முயற்சி நடந்தது. பிரிட்டனைச் சேர்ந்த வரி மற்றும் வளர்ச்சிக்கான சர்வதேச மையம், சுருக்கமாக ஐசிடிடி, அரசு வருவாய் தரவுத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. ஐஎம்எஃப், ஓஇசிடி உள்ளிட்ட அமைப்புகளிடம் சிதறிக்கிடந்த எண்களை ஒன்று சேர்த்தார்கள். விடுபட்ட ஆண்டுகளுக்கு ஐஎம்எஃப் நாட்டு அறிக்கைகளில் இருந்து எண்களை எடுத்தார்கள். வளங்களில் வரும் பணத்தையும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் முடிந்தவரை தனியாகப் பிரித்தார்கள். 1980 முதலான இந்தத் தொகுப்பு இப்போது ஐ.நா. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனமான யுனு-வைடர் பொறுப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கலாம்.

இதனால் என்ன மாறியது?

வெளிநாட்டு மானியம் கிடைத்தால் ஏழை நாடுகள் வரி வசூலில் அக்கறை காட்டாது என்று 2003-ல் ஐஎம்எஃப் ஆய்வறிக்கை ஒன்று சொன்னது. உதவியைக் குறைக்கலாம் என்ற வாதத்துக்கு வலு சேர்க்கக்கூடிய முடிவு அது. 2014-ல் புதிய தரவுகளை வைத்து ஐசிடிடி ஆய்வாளர்கள் சோதித்தபோது, அந்த முடிவுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

இலங்கையில் நடந்ததும் கணக்குக் கோளாறா?

இல்லை. அங்கே வசூலே விழுந்தது. 2019 டிசம்பரில் வாட் வரி 15-ல் இருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பதிவு செய்வதற்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பு 1.2 கோடியில் இருந்து 30 கோடி ரூபாயாக உயர்ந்தது. வரி கட்டும் வளையத்தில் இருந்து ஏராளமானோர் வெளியேறினார்கள். 2019-ல் 11 சதவீதத்துக்கு மேல் இருந்த வரி விகிதம், 2022-ல் சுமார் 7 சதவீதத்துக்கு வந்தது. அதே 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இலங்கை நிறுத்தியது. இன்று அங்கே வாட் 18 சதவீதம்.

பட்டியலில் 6, 7 என்று பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு நாடுகள் இவை. ஒன்றில் வசூல் சரிந்திருந்தது. இன்னொன்றில் வசூலும் குறைவு, அதை எண்ணியதும் குறைவு. முதல் நாட்டுக்குத் தேவை வரிச் சீர்திருத்தம். இரண்டாவது நாடு அதற்கு முன்பே தன் எல்லாத் துறைகளின் கணக்கையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது.

அதனால், ஒரு நாட்டின் வரி இத்தனை சதவீதம் என்று செய்தி வந்தால், மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கலாம். மாநிலங்களின் வரி இதில் சேர்ந்திருக்கா? எண்ணெய்ப் பணமும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் உள்ளே இருக்கா, வெளியே இருக்கா? ஜிடிபியைச் சமீபத்தில் மாற்றிக் கணக்கிட்டார்களா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் இரண்டு நாடுகளை ஒப்பிட்டால், ஒருவர் எடையைக் கிலோவிலும் இன்னொருவர் எடையைப் பவுண்டிலும் எழுதி, யார் குண்டு என்று கேட்பது போலத்தான் ஆகும்.