ஒடித்த தூண்டில்



உப்பூர்ப் பக்கம் நான் வாத்தியாராக இருந்தபோது, ஒரு பையன் பள்ளிக்கு வராமல் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தான். கையில் அவனே சீவிய மூங்கில் தூண்டில். கோபத்தில் அதை ஒடித்துப் போட்டேன். அவன் அழவில்லை, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனான்.

தூண்டில் கழி செய்வது பெரிய கலை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் உண்டு. அதைப் பிடிக்க, இறகில் கட்டிய பொய்ப் பூச்சி போதும். பூச்சிக்கு எடையே இல்லையே, எப்படித் தூரத்தில் விழும்? நூல்தான் கனம். கழி வில்லாய் வளைந்து நிமிர்ந்து அந்த நூலை வீசும்.

மூங்கிலின் பலம் வெளித்தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. ஆகவே மூங்கிலைப் பிளந்து, உள்பக்கத்தை இழைத்துத் தள்ளி, முக்கோணக் குச்சிகளாக்கி, ஆறு குச்சிகளைச் சேர்த்து ஒட்டுவார்கள். அறுகோணக் கழி தயார்! அடி பருத்து நுனி மெலிய, தலைமுடி அளவும் பிசகாமல் இழைக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இதைச் செய்யத் தொடங்கியபோது வாங்கியது நம் நாட்டு மூங்கிலைத்தான். 'கல்கத்தா மூங்கில்' என்று அதற்குப் பெயர். சீன மூங்கிலுக்கு மாறியது பிறகுதான். இன்று கார்பன் கழிகள் வந்துவிட்டாலும், பழைய மூங்கில் கழியைத் தேடி வாங்குவோர் உண்டு.

கைத்தொழில் பாடவேளையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களே, அதைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். நானும் அப்படி எடுத்துக்கொண்டவன்தான்.

அந்தப் பையனுக்கு இப்போது சொந்தப் படகு இருக்கிறது. என்னைக் கண்டால் "வணக்கம் சார்" என்பான். தூண்டிலைப் பற்றி இருவரும் பேசியதில்லை. இந்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போகிறேன்.

அன்புடன்,
வாத்தியார் தாத்தா