வறுநிலத்துச் செல்வம்

வண்ணார்பேட்டையில் சுலோசன முதலியார் பாலத்தின்மீது நின்று மேற்கே நோக்குவார்க்கு, வானம் தெளிந்த காலை வேளைகளில் பொதிகைத் தொடர் நீலக்கோடாய்த் தோன்றும். கீழே பொருநை, அதன் இருமருங்கும் வயல். காரும் பிசானமுமாய் இருபோகம் விளையும் இந்நாட்டிற் பிறந்த யாம், மண்ணென்றால் வளமென்றும் வளமென்றால் நெல்லென்றும் எண்ணிப் பழகிவிட்டோம். விளையாத நிலத்தைத் தரிசு என்போம், பாழ் என்போம். அவ்வெண்ணம் பிழையென எமக்கு அறிவுறுத்தியது ஒரு சிறு செடியாகும்.

ஈராண்டுகளுக்கு முன் விடுமுறைக் காலத்தில், மலையடிவாரத்து உறவினர் ஊரொன்றிற்குச் சென்றிருந்தோம். ஊர்ப்புறத்தே புல்லும் செறிந்து வளராத ஈர மணற்பாங்கொன்று உண்டு. ஆண்டுத் தரையோடு தரையாய், ரூபாய் நாணய அளவில், செந்நிறச் செடிகள் சில படர்ந்திருந்தன. இலைதோறும் மயிர்கள், மயிர்தோறும் ஒரு துளி. உச்சிவேளை வெயிலிலும் அத்துளி உலரவில்லை. ஊர் வைத்தியர் ஒருவர் அதனை அழுகண்ணி என்றார். பெயரிட்டவர் கண்ணீரென்று கருதினர் போலும். எறும்பொன்று அத்துளியிற் சிக்கியதும், மயிர்கள் வளைந்து அதனை இறுகப் பிடித்ததும் கண்ட எமக்கு, அஃது அழும் கண்ணாகத் தோன்றவில்லை!

வியப்பு மேலிட்டு, அவற்றுள் ஒன்றை மண்ணோடு பெயர்த்து வீட்டிற்குக் கொணர்ந்தோம். நல்ல ஆற்று வண்டலும் மக்கிய சாணியெருவும் இட்ட தொட்டியில் நட்டு, காலையும் மாலையும் நீர் வார்த்தோம். இரு வாரம் முடியுமுன் அது கருகி மாய்ந்தது. பசித்திருந்ததற்குச் சோறிட்டுக் கொன்றோமென்பது பின்னரே விளங்கிற்று.

அஃது எங்ஙனமெனிற் கூறுதும். பயிர்க்கு இன்றியமையாத தழைச்சத்து அவ்வகை மணலில் மிகக் குறைவு. ஆதலின் அழுகண்ணி தன் உணவின் ஒரு பகுதியைப் பூச்சிகளிடமிருந்து இலைவழியே பெறுகின்றது. சார்லஸ் டார்வின் இத்தகைய செடிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1875இல் ஒரு தனி நூலே எழுதினார். அவர்தம் மைந்தர் பிரான்சிஸ் டார்வின், இறைச்சித் துணுக்கு ஊட்டிய செடிகளையும் ஊட்டாதனவற்றையும் அருகருகே வளர்த்து, ஊட்டப்பெற்றவை மிகுதியாக விதை தந்தமையை 1878இல் காட்டினார். வறிய மண்ணுக்கே அமைந்த இதன் மெல்லிய வேர் எருவின் உப்பைத் தாங்காது. நிலத்திலேயே எரு சேரினும் இதற்கு வாழ்வில்லை. புல்லும் பூண்டும் உயர்ந்தோங்கி, வெயிலை மறைத்துவிடும். பிறர் வாழ இயலாத இடமே இதற்குப் பாதுகாப்பு.

நிற்க. பொதிகையின் உயர்ந்த சரிவுகளிலும் நிலைமை இதுவே. தென்மேற்குப் பருவத்தும் வடகிழக்குப் பருவத்தும் பெய்யும் மழை, பாறைமேற் படிந்த மெல்லிய மண்ணின் சத்தைக் கரைத்துக் கொண்டு இறங்குகின்றது. அங்ஙனம் இறங்குவதில் ஒரு பங்கன்றோ நம் வயல்களில் வண்டலாகப் படிகின்றது? மலை வறிதாயினமையால் நாம் உண்கின்றோம். உண்ட நாமே அம்மலையின் புல்வெளியையும் மொட்டைப் பாறையையும் நோக்கி, 'ஒன்றுக்கும் உதவாத இடம்' என்பது நன்றன்று.

அவ்விடத்தில் வாழ்வது யாதெனின், உலகிற் பிறிதோரிடத்தும் இயல்பாக வளராத ஆர்க்கிட் ஒன்று உளது. பாறைச் சரிவில், புல்லினிடையே, வெயில் படும் இடத்தில் வளர்வது. பூ மஞ்சள் நிறம். இதழின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு. கீழிதழ் சிறு மிதியடி போற் குழிந்திருக்கும். தென்னிந்தியாவில் மிதியடி ஆர்க்கிட் இனம் இஃதொன்றே. 1865இல் கர்னல் ட்ரூரி என்பார் திருவிதாங்கூர் எல்லையை ஒட்டிய களக்காட்டு மலையில் இதனைக் கண்டார்; தாவர நூலார் அவர் பெயரையே இதற்குச் சூட்டினர். ஐரோப்பியச் செல்வர்தம் கண்ணாடி வீடுகளுக்கு இது சென்றது. பின்னர் மலையில் அழிந்துபட்டதென்றே பல்லாண்டு கருதப்பட்டு, 1972இல் அகத்திய மலையில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. மகிழத்தக்க செய்திதான், ஆயின் அச்செய்தியே அதற்குக் கேடாயிற்று. இடம் அறிந்த செடி வணிகர் அள்ளிச் சென்றனர். இன்று அது மிகக் கொடிய அழிவிடர்ப்பட்ட இனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் காக்கப்பெற்ற ஆறு தாவர வகைகளுள் மிதியடி ஆர்க்கிட்டுகளும் ஒன்று. மேகாலயத்தின் வறிய மண்ணில் வளர்ந்து பூச்சியுண்ணும் குடுவைச்செடி மற்றொன்று.

'வெளிநாட்டுத் தோட்டங்களில் வளர்கின்றதே, அது போதாதோ?' என வினவுவாரும் உளர். போதாது என்பதே எம் கருத்து. ஆர்க்கிட்டின் விதை தூசினும் நுண்ணிது. உள்ளே உணவுச் சேமிப்பு இல்லாதது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினாலன்றி, இயற்கையில் அது முளையாது. ஆகவே மலையிலிருந்து ஒரு செடியைப் பெயர்த்தல் எளிது. அம்மலைமண்ணில் ஒரு செடியைப் புதிதாகத் தோற்றுவித்தல் அரிது.

'உழவுக்கும் உணவுக்கும் உதவாதவற்றிற்காக இத்துணை வருந்துவானேன்?' என்பது மற்றொரு வினா. தமிழ் பயில்வார் இவ்வினாவை எழுப்புதல் எமக்கு வியப்பளிக்கின்றது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கினாரே, அவற்றுள் எத்தனை உலையேறும் என்று கணக்கிட்டா அடுக்கினார்? வறண்ட நிலத்தையும் பாலையென ஒரு திணையாகக் கொண்டு பாடியவர் நம் முன்னோர். தரிசென்று தள்ளும் வழக்கம் வரிக் கணக்கெழுதுவாரிடமிருந்து நமக்கு வந்ததோ என ஐயுறுகின்றோம்.

மரம் நடுவிழா நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு சொல். சாலையோரத்தில் நடுக, பள்ளி வளாகத்தில் நடுக. இயற்கையான புல்வெளியும் பாறைவெளியும் வெறுமையாய்க் கிடக்கின்றன என்றெண்ணி ஆண்டு மரம் நடுதல், எம் தொட்டியில் யாம் இட்ட எருவைப் போன்றதே.

இனி நம் வீட்டுக் குறையைக் கூறுவோம். தாவரவியல் மாணாக்கர் மலைச் சுற்றுலா சென்று, செடிகளைப் பறித்து உலர்த்தி, தாளில் ஒட்டி மதிப்பெண்ணுக்கு அளித்தல் வழக்கம். நாற்பது மாணாக்கர் ஒரே சரிவில் ஆளுக்கொன்று பறிப்பின் அச்சரிவில் எஞ்சுவது யாது? பொதுவாகக் கிடைக்கும் செடிகளை மட்டும் பறிக்கலாம். அரியனவற்றைப் படம் வரைந்தோ ஒளிப்படம் எடுத்தோ காட்டலாம். பழைய உலர் செடித் தாள்கள் துறையில் இருப்பின் அவற்றைக் கொண்டு பயிலலாம். கைப்பேசிப் படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்து செல்லக்கூடுமாதலின், அதனை நீக்கிய பின்னரே பிறர்க்கு அனுப்புதல் வேண்டும். 1972க்குப் பின் செய்தி பரவ ஆண்டுகள் பிடித்திருக்கலாம். இன்று ஒரு நாழிகை போதும். இவ்விதியைத் துறைத்தலைவர்கள் வரும் சுற்றுலாவிற்கு முன்னரே எழுதி ஒட்டுவாராயின், செடி பெயர்த்த குற்றமுடைய யாமே அதன்கீழ் முதற் கையெழுத்திடச் சித்தமாயிருக்கின்றோம்.