அரை மணி நேரம் எங்கே போனது?

1981 டிசம்பர் 31 இரவு. தீபகற்ப மலேசியாவில் மணி 11.30 ஆனதும் கடிகார முள்ளை நேரே 12-க்கு நகர்த்தினார்கள். அன்றிரவு 11.30-க்கும் 12-க்கும் இடைப்பட்ட அரை மணி நேரம் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வரவே இல்லை. அதுவரை உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்த நாம், அன்று முதல் எட்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டோம். சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே எட்டு மணிக் கணக்கில்தான் இருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் இது. சிங்கப்பூரும் அதே இரவில் நம்மோடு மாறிக்கொண்டது.

வீட்டில் உள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அப்போதெல்லாம் தமிழ்நாட்டுக்கும் நமக்கும் சரியாக இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம்" என்பார்கள். இன்று அது இரண்டரை மணி நேரம். கூடுதலாக வந்த அரை மணி நேரம் அந்த ஒரு இரவில் வந்ததுதான்.

கணினிப் பக்கத்தில் இந்தக் கதை எதற்கு என்கிறீர்களா? சைபர்ஜெயாவிலோ பங்சாரிலோ வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தினமும் தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, ஆயிரக்கணக்கான பதிவுகளை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு நேர முத்திரை இருக்கும். அதாவது டைம்ஸ்டாம்ப். அந்த முத்திரையை எந்த வரிசையில் எழுதினோம், எந்த ஊர் நேரத்தில் எழுதினோம் என்று நாம் சொல்லாவிட்டால், கருவி தானாகவே ஓர் அனுமானம் செய்துகொள்ளும். பெரும்பாலும் சத்தமில்லாமல்!

ஜாதகத்தில் தெரியும் பிழை

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் 1975 ஜூன் 10-ஆம் தேதி காலை 6 மணிக்குக் கிள்ளானில் பிறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய ஏழரை மணிக் கணக்குப்படி, உலகப் பொது நேரத்தில் அது முந்தைய நாள் இரவு 10.30. ஆனால், "மலேசியா என்றால் எட்டு மணி நேரம்" என்று நிரந்தரமாக எழுதி வைத்திருக்கும் மென்பொருள் அதை இரவு 10 மணி என்று கணக்கிடும். அரை மணி நேரம் பிழை.

லக்னம் சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அரை மணி நேரத்தில் ஏழரை பாகை. ராசிச் சந்திக்கு அருகில் பிறந்தவருக்கு லக்னமே மாறிவிடும். நவாம்ச லக்னமோ சுமார் 13 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது. அது பெரும்பாலும் இரண்டு கட்டம் தள்ளிப் போய்விடும். ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜோதிடர் கையால் போட்ட கட்டமும், கைப்பேசிச் செயலி போட்ட கட்டமும் ஒத்துப் போகாமல் இரண்டு வீட்டாரும் குழம்பினால், கோளாறு கிரகத்தில் இல்லாமல் இந்த அரை மணி நேரத்தில் இருக்கவும் கூடும்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. உலக நாடுகள் எப்போது எந்த நேரத்தைக் கடைப்பிடித்தன என்ற வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கும் நேர மண்டலப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'ஆசியா/கோலாலம்பூர்' என்ற பெயர் இருக்கிறது. இப்போது அது சிங்கப்பூர்ப் பதிவோடு இணைக்கப்பட்டுள்ளது. 1933 முதல் 7 மணி 20 நிமிடம், 1941 செப்டம்பர் முதல் ஏழரை மணி, ஜப்பானியர் காலத்தில் டோக்கியோவைப் போல ஒன்பது மணி, 1945 செப்டம்பரில் மீண்டும் ஏழரை, 1982 முதல் எட்டு என்று எல்லாமே அதில் அடக்கம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் பிஎஸ்கியூஎல் திரையில் இந்தப் பெயரை அமைத்துவிட்டு, மண்டலத்தோடு கூடிய நேர வகையில் 1975-06-10 06:00 என்று கொடுங்கள். பதில் 1975-06-10 06:00:00+07:30 என்று வரும். 1981-12-31 23:45 என்று அந்த இல்லாத நேரத்தைக் கொடுத்தால், 1982-01-01 00:15:00+08 என்று திருத்திக் காட்டும். வெறும் '+08' என்று எழுதினால் இந்த வரலாறு எதுவும் அதற்குத் தெரியாது. ஆகவே, எண்ணைக் கொடுக்காமல் ஊர்ப் பெயரைக் கொடுங்கள்.

நாள் முன்னா, மாதம் முன்னா?

நாம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். போஸ்ட்கிரெஸை அமெரிக்க ஆங்கில அமைப்போடு நிறுவினால், அதுவும் மாதத்தைத்தான் முதலில் எதிர்பார்க்கும். 03/10/2020 என்பது நமக்கு அக்டோபர் 3. அதற்கோ மார்ச் 10.

இதில் வேடிக்கை என்னவென்றால், 25/10/2020 என்று கொடுத்தால் 25-ஆவது மாதம் கிடையாது என்று கருவி பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லது. மாதத்தின் முதல் 12 நாட்களில் வரும் தேதிகள்தாம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தலைகீழாக உள்ளே போய்விடுகின்றன.

இதனால் என்ன கெட்டுவிடும்? 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டு விடுமுறை குறைந்தது 12 நாள். ஐந்து ஆண்டு நிறைந்தால் 16 நாள். 2020 அக்டோபர் 3-இல் சேர்ந்தவரைக் கணினி மார்ச் 10-இல் சேர்த்துவிட்டால், ஏழு மாதம் முன்னதாகவே அவருக்குக் கூடுதல் விடுமுறை கிடைக்கும். மார்ச் 10-இல் சேர்ந்த மற்றொருவரின் தேதி 10/03/2020. அது அக்டோபர் 3 ஆகி, அவர் ஏழு மாதம் காத்திருக்க வேண்டியதாகிவிடும். முதலாமவர் வாய் திறக்கமாட்டார். இரண்டாமவருக்குத் தான் இழந்தது தெரியவே தெரியாது.

எஸ்கியூலைட் இன்னொரு ரகம். அதில் தேதிக்கென்று தனி வகையே இல்லை. எதைக் கொடுத்தாலும் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தும்போதும் எழுத்தாகவே பார்ப்பதால், 01/12/2024 முதலிலும் 02/01/2023 பிறகும் வரும்.

மாதத்தைப் பெயரால் எழுதினால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். நம் அரசாங்கப் படிவங்களில் மார்ச் 'மாக்' என்றும், ஆகஸ்ட் 'ஓகோஸ்' என்றும் இருக்கும். ஆங்கில மாதப் பெயரை எதிர்பார்க்கும் கருவிக்கு மலாய் தெரியாது. ஆண்டு-மாதம்-நாள் என்ற 2020-10-03 வடிவம்தான் பெரும்பாலான கருவிகளுக்குப் பொதுவானது. எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் காலவரிசை மாறாது.

மைகாட் எண்ணில் உள்ள பொறி

நம் அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அதில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான். அந்த ஆறு இலக்கத்தை வெட்டி எடுத்துப் பிறந்த தேதியாகப் போடலாம் என்று பல நிரலர்களுக்குத் தோன்றும். 650412 என்று கொடுத்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் 70-க்குக் குறைவான ஆண்டுகளை இரண்டாயிரத்தில் சேர்த்துவிடும். 1965-இல் பிறந்த அப்பா, 2065-இல்தான் பிறக்கப் போகிறார்! ஆரக்கிளின் வழக்கமான 'ஆர்ஆர்' வடிவமோ 50 முதல் 99 வரை உள்ளதை 1900-களில் வைக்கும். அப்பா தப்பித்துவிடுவார். 1948-இல் பிறந்த பாட்டி 2048-க்குப் போய்விடுவார்.

சம்பளப் பட்டியலிலும் மருத்துவப் பதிவிலும் வயதானவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வரும். நூற்றாண்டைக் கருவி முடிவு செய்ய விடாதீர்கள். நான்கு இலக்க ஆண்டைக் கேட்டு வாங்குங்கள். பிறந்த தேதி இன்றைய தேதியைத் தாண்டக் கூடாது என்ற ஒரு சோதனையையும் சேர்த்துவிடுங்கள்.

ஒருநாள் பின்னால் போகும் பிறந்தநாள்

பிறந்த தேதியை நேர முத்திரையாகச் சேமிப்பது அடுத்த தவறு. 1990 மே 12 நள்ளிரவு 12 மணி என்று நம் நேரத்தில் போட்டால், உலகப் பொது நேரத்தில் அது மே 11 மாலை 4 மணி. அறிக்கை எடுக்கும் இயந்திரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால், மே 11 என்று அச்சடிக்கும். மணி தேவையில்லாத இடத்தில் வெறும் தேதி வகையைப் பயன்படுத்துங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் டேட்டைம், டைம்ஸ்டாம்ப் என்று இரண்டு வகை உண்டு. முதலாவது கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும். இரண்டாவது உலகப் பொது நேரத்துக்கு மாற்றி வைத்து, கேட்பவரின் மண்டலத்துக்கு ஏற்பத் திருப்பித் தரும். அதில் 1970-க்கு முந்தைய நேரமும் 2038 ஜனவரி 19-க்குப் பிந்தைய நேரமும் அடங்காது. மைஎஸ்கியூஎல் காப்புக் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள், "எல்லா நேரமும் எட்டு மணி நேரம் குறைவாக இருக்கிறதே" என்று பதறுவது உண்டு. காப்பெடுக்கும் கருவி டைம்ஸ்டாம்ப் வகையை உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். மீட்டெடுக்கும்போது சரியாகிவிடும். அந்தக் கோப்பில் கை வைத்து எட்டு மணி நேரத்தைக் கூட்டினால்தான் பிழை வரும்.

கூட்டல் குறியும் ஐஎஸ்டியும்

போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தை 'யுடிசி+8' என்று எழுதாதீர்கள். அந்த எழுத்துமுறையில் கூட்டல் குறிக்குப் பொருள் கிரீன்விச்சுக்கு மேற்கே என்பது. நாம் கிழக்கே இருக்கிறோம். விடை 16 மணி நேரம் தள்ளிப் போகும். நேரத்துக்குப் பின்னால் +08 என்று ஒட்டினால் அது கிழக்கு. மண்டலப் பெயராக எழுதினால் மேற்கு. இந்த முரண்பாட்டில் அனுபவசாலிகளே தடுக்கி விழுகிறார்கள்.

சென்னைக் கிளையிலிருந்து வரும் கோப்பில் நேரத்துக்குப் பின்னால் 'ஐஎஸ்டி' என்று இருக்கும். அனுப்பியவருக்கு அது இந்திய நேரம். போஸ்ட்கிரெஸின் வழக்கமான சுருக்கப் பட்டியலில் அது இஸ்ரேல் நேரம். மூன்றரை மணி நேர வேறுபாடு! இதற்கும் மருந்து ஊர்ப் பெயர்தான்: 'ஆசியா/கொல்கத்தா'.

வேலைக்குப் போகும் முன்

கோப்பை ஏற்றுவதற்கு முன்பும் இறக்குவதற்கு முன்பும் இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. பிஎஸ்கியூஎல்லில் 'ஷோ டேட்ஸ்டைல்', 'ஷோ டைம்ஸோன்' ஆகிய இரண்டையும் தட்டிப் பாருங்கள். உங்கள் மடிக்கணினியும் அலுவலகச் சேவையகமும் ஒரே பதில் தர வேண்டும் என்பதில்லை.

2. தானியங்கி நிரல்களில் இந்த இரண்டையும் முதல் வரியிலேயே அமைத்துவிடுங்கள். உங்கள் சொந்த அமைப்புக் கோப்பை நம்பாதீர்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் வேறொருவர் அதே நிரலை ஓட்டுவார்.

3. மைஎஸ்கியூஎல்லில் ஊர்ப் பெயர்கள் வேலை செய்ய, நேர மண்டல அட்டவணைகளை முதலில் ஏற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்டலம் மாற்றும் கட்டளை வெறுமையைத்தான் திருப்பித் தரும்.

4. ஏற்றியதும் நான்கு பதிவுகளை மூலத்தோடு ஒப்பிடுங்கள். நாள் 12-க்குள் இருக்கும் ஒன்று, 1982-க்கு முந்தைய ஒன்று, 1970-க்கு முன் பிறந்தவர் ஒருவர், நள்ளிரவை ஒட்டிய ஒன்று.

5. பிறந்த நேரம் போன்ற விவரங்களுக்கு, எழுதிக் கொடுத்த உள்ளூர் நேரத்தையும் ஊரையும் மண்டலப் பெயரையும் தனித்தனியாகச் சேமியுங்கள். பின்னாளில் கணக்குத் தவறினாலும் மூலம் கையில் இருக்கும்.

கணினிப் பக்கமே போகாத வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் 1945 செப்டம்பருக்குப் பிறகு, 1982-க்கு முன் தீபகற்ப மலேசியாவில் பிறந்தவர்கள் இருந்தால், பிறந்த நேரம் எழுதிய குறிப்பில் ஊரையும் "ஏழரை மணிக் கணக்கு" என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். ஜோதிடச் செயலியில் நேரத்தைப் பதியும்போது, அது எந்த மண்டலத்தை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். எட்டு என்று காட்டினால் ஏழரை என்று மாற்றிய பிறகே கட்டத்தைப் போடச் சொல்லுங்கள்.