இந்தப் பொட்டியை அடுக்கினது யாரு?

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு லேசா கண் அசந்த நேரம் பாத்து சித்தி பொண்ணு போன். இஞ்சினியரிங் மூணாவது வருஷம் படிக்கறா. "அண்ணா, காலேஜ்ல சிங்கப்பூர், மலேசியா ஐ.வி. போறோம்ணா. நீதான் போயிருக்கியே, என்னென்ன எடுத்து வைக்கணும்னு ஒரு லிஸ்ட் அனுப்பேன்." சரி, இதென்ன பிரமாதம்னு உக்காந்தேன். லிஸ்ட் பாதியில நின்னுடுச்சு, புலம்பல் ஆரம்பிச்சுடுச்சு. அதை உங்க தலையில கட்டலாம்னுதான் இந்தப் பதிவு. :)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2018-ல நானும் இதே மாதிரி ஒரு 'இண்டஸ்ட்ரியல் விசிட்' போனேன். 38 பசங்க, ரெண்டு சாரு, ஒரு ஏஜென்ட். இண்டஸ்ட்ரி ஒண்ணரை மணி நேரம், மிச்சமெல்லாம் விசிட். காலேஜ்ல ஒரு பேப்பர் குடுத்தாங்க. அதுல முதல் வரி: பிளேசர், டை, கருப்பு ஷூ கட்டாயம். அந்த பிளேசரை நான் மொத்தம் ஒரு குரூப் போட்டோவுக்குப் போட்டேன். அந்த வெக்கையில அதுக்கு மேல போட்டா ஆவிதான் வரும். ஊருக்குத் திரும்பி ரெண்டு மாசம் கழிச்சுதான் அம்மா கழுத்துல சங்கிலி இல்லாததைக் கவனிச்சேன். கேட்டப்போ, "பேங்க்ல பத்திரமா இருக்குடா"ன்னாங்க. அந்த பிளேசர் இன்னமும் பரண்ல தொங்குது.

பொட்டியை அடுக்கினது அம்மா. நான் கட்டில்ல படுத்து மொபைல் நோண்டிக்கிட்டே "வைம்மா, வைம்மா"ன்னு சொன்னதோட சரி. திருச்சி ஏர்போர்ட் கவுன்ட்டர்ல அந்தப் பொண்ணு, "இந்தப் பெட்டியை நீங்களேதான் பேக் பண்ணினீங்களா?"ன்னு கேட்டாங்க. "யெஸ்"ஸுன்னு கூசாம சொன்னேன். வாழ்க்கையில முதல் வெளிநாட்டுப் பயணம், முதல் வார்த்தையே பொய்!

சிங்கப்பூர் ரூமுல திறந்து பாத்தா, புளிக்காய்ச்சலுக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவுல ஒரு டப்பா. அம்மா கையால அரைச்ச குருமாப் பொடி. ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அதுல போட்டிருந்த கசகசா சிங்கப்பூர்ல தடை செஞ்ச சரக்குன்னு. அமீரகத்துலயும் அப்படித்தான். நம்மூரு மளிகைக் கடையில தாராளமா நிறுத்துக் குடுக்கற சாமான், அங்க போதைப்பொருள் கணக்குல வந்துடுது. அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சு வச்சிருக்க வேண்டியது நான். நல்லவேளை, யாரும் என் பொட்டியைத் திறக்கல.

இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லீங்க. சிங்கப்பூர்ல போதைப்பொருள் கடத்தினா மரணதண்டனைன்னு நாம ஃபில்லப் பண்ணின அந்த வெள்ளைக் கார்டுலயே சிவப்பு எழுத்துல போட்டிருந்தது. பொட்டி உங்ககிட்ட இருந்தா உள்ள இருக்கறதும் உங்களோடதுன்னுதான் அங்க சட்டம் முதல்ல எடுத்துக்கும். இல்லேன்னு நிரூபிக்க வேண்டியது உங்க பாடு. "பக்கத்து வீட்டு அத்தை அவங்க பையனுக்குக் குடுத்துவிட்ட பார்சல் சார்"ங்கறது பதிலே இல்ல.

அடுத்தது பாஸ்போர்ட். விமானம் ஏறினதுலேர்ந்து 38 பாஸ்போர்ட்டும் ஏஜென்டோட தோள்பையிலதான். "தொலைச்சுடுவீங்கப்பா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. வந்து இறங்கி வெள்ளைக் கார்டுல 'தங்கப்போகும் முகவரி'ன்னு இருந்த எடத்துல 38 பேரும் பேனாவைத் தூக்கிட்டு நிக்கறோம். ஒருத்தனுக்கும் ஹோட்டல் பேரு தெரியாது. பரிட்சையில முன் பெஞ்சைப் பாத்து எழுதற மாதிரி வரிசையா காப்பியடிச்சோம்.

மூணாவது நாள் ராத்திரி முஸ்தபா சென்டர்ல ஒரு நண்பன் கூட்டத்துல பிரிஞ்சுட்டான். சாக்லேட் பக்கம் நின்னவன், திரும்பிப் பாத்தா எங்களைக் காணோம். போன்ல சிம் இல்ல. கையில பாஸ்போர்ட் இல்ல, ஜெராக்ஸ் இல்ல. ஹோட்டல் பேரு காப்பியடிச்சதோட மறந்துபோச்சு. செராங்கூன் ரோடா இருந்ததால தப்பிச்சான். ஒரு பூக்கடை அண்ணன் தமிழ்லயே விசாரிச்சு, தன் போனைக் குடுத்து ஊருக்குப் பேசச் சொல்லி, அவங்கப்பா எங்க சாருக்குப் பேசி, ரெண்டரை மணி நேரம் கழிச்சுக் கொண்டுவந்து சேர்த்தாங்க. இதே தாய்லாந்துலயோ ஜப்பான்லயோ நடந்திருந்தா? மறுநாள் சாரு திட்டினது அவனை மட்டும்தான். ஏஜென்டை யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

நான் சொல்லவர்றது இவ்வளவுதான். ஒரு மாணவனை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறதும் ஒரு பொட்டியைக் கொண்டுபோறதும் ஒண்ணில்ல. எங்களை 38 பொட்டியா எண்ணி ஏத்தி, எண்ணி இறக்கி, எண்ணிக் கொண்டுவந்து வீட்டுல ஒப்படைச்சாங்க. கத்துக்கிட்டது பூஜ்யம்.

சாருங்க பக்கமும் நியாயம் இருக்கு, மறுக்கல. ஒருத்தன் பாஸ்போர்ட்டைத் தொலைச்சா போலீஸ் புகார், நம்ம தூதரகம், எமர்ஜென்சி சர்டிபிகேட்னு அலையணும். அந்தச் சான்றிதழும் ஊர் திரும்ப மட்டும்தான் உதவும். ஆனா ஒரே பையில 38-ம் இருந்து, அந்தப் பை தொலைஞ்சா? சாஃப்ட்வேர்ல இதை 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்'னு சொல்லி முதல் வாரத்துலயே மண்டையில குட்டுவாங்க. அதுவுமில்லாம, 1967-ம் வருஷ பாஸ்போர்ட் சட்டத்தோட 17-ம் பிரிவுப்படி பாஸ்போர்ட் இந்திய அரசோட சொத்து. நம்ம பேருல நம்மகிட்ட குடுத்து வச்சிருக்கு. ஏஜென்ட் பையில இல்ல.

சரி, தங்கச்சிக்கு அனுப்பின லிஸ்ட். யாருக்காவது பிரயோஜனப்படும்னு இங்கயும் போடறேன்.

1. பொட்டியை நீயே அடுக்கு. சித்தி பக்கத்துல உக்காந்து பாக்கட்டும், சொல்லட்டும், ஆனா கை உன்னோடதா இருக்கட்டும்.

2. பாஸ்போர்ட் கழுத்துப் பையில. ஜெராக்ஸ் ஒண்ணு பெரிய பொட்டியில, ஒண்ணு தோழி பொட்டியில, போட்டோ மெயில்ல. ஆறு மாசமாவது செல்லுபடி பாக்கி இருக்கணும்.

3. டிக்கெட்டுல பேரு பாஸ்போர்ட்டுல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாரு. நம்ம இனிஷியல் விரிஞ்சு அப்பா பேரு சர்நேம் ஆயிடும். என் அப்பா பேரை மைக்ல கூப்பிட்டப்போ, அவரு எப்ப வந்தாருன்னு திரும்பிப் பாத்தவன் நான்.

4. பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான். 20,000 எம்.ஏ.ஹெச்.னா 3.7 வோல்ட்டால பெருக்கி ஆயிரத்தால வகு, 74 வாட் ஹவர். 100 வரைக்கும் பிரச்சனை இல்ல.

5. ஊறுகாய், தொக்கு கைப்பையில வேண்டாம், 100 மில்லி விதி அதுக்கும் உண்டு. கொப்பரைத் தேங்காய் செக்-இன் பொட்டியில கூடாது, 2022-லேர்ந்து தடை. கசகசா எதுலயுமே வேண்டாம், மசாலாப் பொடியில கலந்திருந்தாலும்!

6. மாத்திரை அட்டையோட, டாக்டர் சீட்டோட. கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரி சிலதுக்கு முன் அனுமதி வேணும், கேட்டுக்கோ.

7. சிங்கப்பூர், மலேசியா ரெண்டுலயும் சதுர மூணு பின் பிளக். நம்ம சார்ஜர் பின் நேரா போகாது, அடாப்டர் ஒண்ணு வாங்கு.

8. இப்ப வெள்ளைக் கார்டு இல்ல. ரெண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை நெட்டுலயே, போய் இறங்கறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள போடணும். காசு கிடையாது. காசு கேட்டா அது டுபாக்கூர் சைட். நீயே போடு, முகவரி மனசுல நிக்கும்.

9. ஹோட்டல் பேரு, முகவரி, சார் நம்பர் ஒரு துண்டுப் பேப்பர்ல, பர்ஸுல. போன்ல சார்ஜ் தீரும், பேப்பர்ல தீராது.

10. பிளேசர் வாங்காதே. வேணும்னா வந்து என்னோடதை எடுத்துட்டுப் போ.

அனுப்பி அரை மணியில பதில்: "அண்ணா, மத்ததெல்லாம் ஓகே. பாஸ்போர்ட்டை மேடம்கிட்டதான் குடுக்கணுமாம். அம்மாவும், மேடம் சொன்னா குடுத்துடு, எதுக்கு வம்புங்கறாங்க."

சித்திகிட்ட நேத்து பேசினேன். எங்கம்மா குரலேதான், அதே பயம், "பொம்பளைப் புள்ளடா" மட்டும் கூடுதல். கடைசியில, "சரி, நீயே வந்து காலேஜ்ல பேசு"ன்னாங்க. வர்ற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். லீவு போட்டாச்சு. 2018-ல அந்தத் தோள்பையைப் பாத்துக்கிட்டு வாயை மூடிட்டு இருந்ததுக்கு இப்பவாவது கேட்டுடலாம்னு இருக்கேன்.

உங்க காலேஜ்ல எப்படி இருந்தது மக்கா? சொல்லிட்டுப் போங்க. கூட்டத்துல பேச பாயின்ட் தேவைப்படுது. :)

டிஸ்கி: அம்மா சங்கிலியை என் முதல் வருஷ போனஸ்ல மீட்டாச்சு. குருமாப் பொடி இன்னமும் கசகசா போட்டுத்தான் அரைக்கறாங்க. அது உள்ளூருக்கு மட்டும்!