காற்றடைத்த டயரும் பால்மரத் தோட்டமும்



போக்குவரத்துக் கண்டுபிடிப்புகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே நடத்தப்படுகின்றது. ஒரு பக்கம் மிதிவண்டி, தொடர்வண்டி, மகிழுந்து, விமானம். எதிர்ப்பக்கம் கண்டுபிடித்தவர் பெயரும் ஆண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. மனனப் பழக்கம் நீங்கியபாடில்லை. எந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு பொருள் பிறந்தது, தீர்த்தபின் என்ன புதிய சிக்கல் முளைத்தது என்று கேட்காதவரை அது அறிவியல் பாடமாகாது என்பது என் கருத்து.

மிதிவண்டியையே எடுத்துக்கொள்வோம். 1860களில் பிரான்சில் உருவான வண்டியில் மிதிகட்டை முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்றுத்தான். விரைவு வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். அதுவும் ஏறக்குறைய ஆள் உயரத்திற்கு வளர்ந்தது. ஆனால், சிறு கல் தடுக்கினாலும் ஓட்டுபவர் தலைகுப்புற விழுந்தார். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் ‘ரோவர்’ வண்டியைக் கொண்டுவந்தார். பல்சக்கரங்களின் அளவு வேறுபாட்டால் சிறிய சக்கரமே விரைந்து சுழன்றது. விழும் அச்சம் குறைந்தது, குலுக்கலோ கூடியது. 1888இல் பெல்பாஸ்டு நகரக் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றினார். குலுக்கல் அடங்கியது.

பாடநூல் இங்கே நின்றுவிடலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நிற்கக் கூடாது.

டயருக்கு ரப்பர் வேண்டும். மகிழுந்துகள் பெருகவே தேவை பன்மடங்கானது. பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் சென்ற விதைகளின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்திருந்தன. மரம் பட்டுப்போகாமல் பால் எடுக்கும் முறையை அங்கே ரிட்லி செம்மைப்படுத்தினார். 1896இல் டான் சே யான் மலாக்காவில் ரப்பர்த் தோட்டம் போட்டார். அடுத்த சிக்கல் ஆள். கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு நம்மவர்கள் முன்பே வந்ததுண்டு. கங்காணிகள் வழி பெருந்திரளாக வந்தது பால்மரத்துக்கே. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். இன்றைய தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தொடக்கம் அத்தோட்டப் பள்ளிகளே.

எங்கோ ஒரு சிறுவனின் வண்டி குலுங்காமல் ஓட, இங்கே ஒரு குடும்பம் விடியுமுன் பிரட்டுக்கு நின்றது. யாருடைய சிக்கல் தீர்ந்தது, சுமை யார் தோளுக்கு மாறியது என்ற வினாவை ஐந்தாம் ஆண்டு மாணவர் தாராளமாகத் தாங்குவர். தோட்டத்து வாழ்க்கையைப் பிள்ளைகளிடம் பேசப் பெற்றோர் சிலர் தயங்குவதை நான் அறிவேன். வறுமை நினைவு வேண்டாம் என்கின்றனர். எனக்கு அது உடன்பாடில்லை. பால் வெட்டிய பாட்டி வீட்டில் இருந்தால், உளியை எப்படிப் பிடித்தார், மழை பெய்தால் அன்றைய கூலி என்னவாயிற்று என்று பிள்ளை கேட்டு எழுதி வரட்டும். வேறெந்தப் பாடநூலும் தராத செய்தி அது.

கதை இன்னும் முடியவில்லை. வீசியெறிந்த பழைய டயரில் மழைநீர் தேங்குகிறது, ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது, டிங்கி பரவுகிறது. அந்த டயரை என்ன செய்யலாம்? வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையில் இவ்வினாவைக் கொடுத்து, விடையை மாணவர்களே வரைந்து காட்டச் சொல்லுங்கள்.