சமைத்தவரும் அமர்ந்து உண்ணட்டும்



எங்கள் மூத்த மகள் செவிலியர் பட்டப்படிப்பை நிறைவு செய்தாள், அல்ஹம்து லில்லாஹ். தேர்வு முடிவு வந்த அன்று என்ன வேண்டுமென்று கேட்டோம். நகையோ உடையோ கேட்பாள் என எண்ணியிருந்தோம். கோழிக்கோட்டின் பாரகன் உணவகத்தில் குடும்பத்தோடு அமர்ந்து ஒரு வேளை உண்ண வேண்டும் என்றாள். 1939இல் தொடங்கப்பட்ட கடை அது. உலகின் புகழ்பெற்ற உணவகங்கள் என்று டேஸ்ட் அட்லஸ் இணையதளம் 2023இல் வெளியிட்ட பட்டியலில், அதன் பிரியாணிக்காக 11ஆம் இடம் பெற்றது. நீலகிரி மாவட்டத்தில் இருந்தாலும் கூடலூர்க்காரர்களான எங்களுக்குக் கோழிக்கோடு அயல் ஊர் அன்று. நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாகச் சென்றால் அரபிக்கடல் வந்துவிடும்.

நாங்கள் உடனே சொன்ன பதில், “இது இஸ்ராஃப்” என்பதுதான். ஏழு பேர் ஒரு வேளை உண்ணும் செலவில் வீட்டுக்கு எத்தனை வாரம் இறைச்சி வாங்கலாம் என்று கணக்கும் சொன்னோம். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்துடைய அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தை மதரஸாவில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். நாவில் அது எளிதாக வந்துவிட்டது.

அடுப்படியில் இருந்த இல்லத்தரசி அதுவரை பேசவில்லை. பிறகு, “வீட்டிலேயே செய்தால் சிக்கனம்தாங்க. செய்றது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது எங்கள் வீட்டுப் பெருநாள்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஸஹர் உணவுக்கு முதலில் எழுபவர் அவர். நோன்பு திறக்கும் நேரத்தில் ஒரு பேரீத்தம்பழத்தை வாயிலிட்டபடி கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருப்பவரும் அவரே. பெருநாள் அன்று ஆண்கள் ஸஹனைச் சுற்றி அமர்ந்து பிரியாணியைப் புகழ்ந்து உண்போம். அவர் உண்ணும்போது சட்டியின் அடியில் இருப்பதே மிஞ்சியிருக்கும், அதுவும் ஆறியிருக்கும். இருபத்து மூன்று ஆண்டு இல்வாழ்வில், சூடான உணவைப் பிறர் பரிமாற அவர் அமர்ந்து உண்டது எத்தனை முறை என்று எண்ணினோம். பிரசவத்துக்குத் தாய்வீடு சென்ற நாள்களைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இந்த இடத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கும் நிகழ்வொன்றை நினைவுகூர வேண்டும். நபிகளாருக்கு (ஸல்) பாரசீகர் ஒருவர் அண்டைவீட்டாராக இருந்தார். ஆணம் சுவையாகச் சமைப்பவர். ஒருநாள் சமைத்துவிட்டு நபியவர்களை அழைக்க வந்தார். ஆயிஷாவுக்கும் (ரலி) அழைப்பு உண்டா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றார் அவர். அப்படியானால் தாமும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறையும் அவ்வாறே நடந்தது. மூன்றாம் முறை அவர் இருவரையும் அழைத்த பின்னரே, இருவரும் எழுந்து ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக்குச் சென்றார்கள். இதே நபிமொழியைப் பாடமாக நடத்தியிருக்கிறோம். அண்டைவீட்டார் உரிமை என்ற தலைப்பில் நடத்தினோமே தவிர, மனைவியின் உரிமை என்ற தலைப்பில் ஒருமுறைகூட நடத்தியதில்லை.

வீண்விரயம் பற்றிய வசனத்தைச் சொல்வோர் அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனத்தையும் சேர்த்துப் படிப்பது நல்லது. செலவிடும்போது விரயமும் செய்யாமல் கஞ்சத்தனமும் காட்டாமல் நடுநிலையில் நிற்போரைப் பற்றிப் பேசுகிறது அது. கஞ்சத்தனத்துக்கு இஸ்ராஃப் என்று பெயர் சூட்டித் தப்பித்துக்கொள்வது எங்களைப் போன்ற ஆலிம்களுக்குக் கைவந்த கலை.

ஆகவே போவது என்று முடிவாயிற்று. அதன் பிறகுதான் தெரிந்தது, திட்டமிடுவதற்குள்ளேயே அரைப்பங்கு மார்க்கம் இருக்கிறதென்று.

முதலில் பணம். மதரஸா ஆசிரியரின் ஊதியம் எவ்வளவு என்பது வாசகர்கள் அறிந்ததே. மூன்று மாதம் உண்டியலில் சேர்ப்பதென்றும், சேர்ந்ததற்குள் உண்பதென்றும் வைத்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் நட்சத்திர ஹோட்டலில் குழந்தையின் பிறந்தநாள் விருந்து நடத்திவிட்டு, கடன் அட்டையில் அதை மாதத் தவணையாக மாற்றிக்கொண்டார். விருந்து இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. வட்டி ஓராண்டு ஓடியது. பிரியாணி ஹலாலா என்று பரிமாறுபவரிடம் மும்முறை விசாரித்தவரும் அவர்தான்!

விசாரிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் அறுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். மேசையில் அமர்ந்த பிறகு நீதிமன்றம் நடத்துவது அங்கே உழைப்பவரை நோகடிக்கும். உடன் வந்தவருக்கும் உணவு இறங்காது. ஐயம் தீரவில்லையென்றால், போவது கடற்கரை ஊர். மீனுக்கு அறுக்கும் சட்டமே இல்லை. இறாலில் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு பழைய வழக்கு உண்டு. நாங்கள் ஹனஃபிகள், இறால் மீன் இனத்தைச் சேர்ந்ததா என்று எங்கள் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் தவிர்த்து வருகிறோம். மருமகன் ஆகப்போகிறவர் காயல்பட்டினத்து ஷாஃபி. அவர் தட்டில் இறால் இருந்தால் நாங்கள் முகம் சுளிக்கப் போவதில்லை.

அடுத்தது தொழுகை. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமாதலால் லுஹரும் அஸரும் எங்களுக்கு இரண்டிரண்டு ரக்அத்கள். ஷாஃபிகள் சேர்த்தும் தொழலாம். குற்றிச்சிறைக் குளக்கரையில் மிஷ்கால் பள்ளி இருக்கிறது. யேமன் நாட்டுக் கப்பல் வணிகர் நாகூதா மிஷ்கால் கட்டியது. 1510இல் போர்ச்சுக்கீசியர் தீயிட்டும் அழியாமல் நின்றது. மகனுக்கு அதைக் காட்ட வேண்டும், இமாமுடன் சேர்ந்தால் முழுமையாகவே தொழுதுகொள்ளலாம் என்று திட்டமிட்டு மகிழ்ந்திருந்தோம். “நாங்க எங்கே தொழுவது?” என்று மகள் கேட்டாள். ஆண்களுக்கு எங்கும் பள்ளிவாசல் உண்டு. பெண்கள் காரின் பின்னிருக்கையில் அமர்ந்து தொழுவார்கள் அல்லது களாச் செய்வார்கள் என்றே பயணங்களை அமைத்துப் பழகிவிட்டோம். கோழிக்கோட்டில் உள்ள பழைய மாணவர் ஒருவரின் வீட்டில் பெண்கள் உளூச் செய்து தொழுவதற்கு இப்போது ஏற்பாடு செய்தாயிற்று.

நாளும் நேரமும் கொஞ்சம் இழுத்தன. மதரஸாவுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. ஜும்ஆவை விட்டுவிட்டு விருந்துக்குப் போக மனம் ஒப்பவில்லை. ஞாயிறு என்றோம், உடன் பணியாற்றும் உஸ்தாத் அன்றைய வகுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். விளக்கொளியில் இரவு விருந்து வேண்டும் என்பது மகளின் விருப்பம். இரவில் நாடுகாணி மலைப்பாதையில் மூடுபனி இறங்கும்; எந்த வளைவில் யானை நிற்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே பகலுண்ணல்தான். சற்று முகம் வாடினாள். மலையில் வாழ்வோருக்கு இது புதிதன்று.

மிஞ்சும் உணவைக் கொண்டுவர எவர்சில்வர் அடுக்குப் பாத்திரம் ஒன்றும் வண்டியில் ஏறுகிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு எங்கள் மாவட்டத்தில் தடை. நெகிழிப் பொட்டலத்துடன் சோதனைச் சாவடிக்கு வந்தால் அபராதம்தான். எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் தேயிலைத் தோட்டத்து மூதாட்டிக்கு ஒரு தட்டு அதில் வரும். அது மிச்சமாக இருக்கக் கூடாது, முதலிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்பது இல்லத்தரசியின் கட்டளை.

நேற்றிரவு அவர் இன்னொன்றும் கேட்டார்: அங்கே மீன் மாங்காய்க் கறியை எப்படிச் செய்கிறார்கள் என்று கவனித்து வந்தால் அடுத்த பெருநாளுக்கு வீட்டிலேயே செய்துவிடலாமே என்று. அன்றைக்கு ஒரு நாளாவது அடுப்பை மறந்துவிட்டு உண்ணும்படி சொன்னோம். சரி என்றார். ஆனால் காலையில் பார்த்தால், பயணப் பையில் சிறு குறிப்பேடும் பேனாவும் இருந்தன.